இடாப்பில் இல்லாதவர்கள்

(சங்கத்தின் நூற்றாண்டு விழாவையொட்டிக் கல்லூரி மண்டபத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நாற்பது வயதைக் கடந்த பின் மீண்டும் படிக்கப் போனது எப்படி, பொதுக் கொள்கை முதுமாணிப் பட்டத்தின் இறுதி ஆய்வறிக்கையை எழுதி முடித்தது எப்படி என்று பேசும்படி செயலாளர் அக்கா கேட்டுக்கொண்டார். "பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருக்கும்" என்றார். உற்சாகமான பகுதிகளும் உண்டு. தலைகுனிந்த பகுதியும் உண்டு. இரண்டையும் சொல்வதுதான் நேர்மை என்று நினைக்கிறோம்.

"நாங்கள்" என்று ஏன் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அந்த அறிக்கையை நால்வர் சேர்ந்து எழுதினோம். நால்வரில் இருவர் இக்கல்லூரியில் ஒரே வகுப்பில் இருந்தவர்கள். ஒருவர் வைத்தியர், மற்றவர் மாகாண நிருவாகத்தில் கணக்காளர். மூன்றாமவர் மட்டக்களப்பைச் சேர்ந்த ஆசிரியை. நான்காமவர் மலையகத்தில் பிறந்த இளம் சட்டத்தரணி. கொழும்பில் சனி, ஞாயிறு வகுப்புகள். வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறி, ஞாயிறு இரவு திரும்பி, திங்கள் காலையில் கிளினிக் மேசையில் இருக்க வேண்டும். வீட்டில் இருந்தவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய பொறுமை இல்லாமல் இந்தப் பட்டம் இல்லை.

அந்த இறுதி அறிக்கையைக் "கேப்ஸ்டோன்" என்பார்கள். மதில் கட்டி முடிந்ததும் மழைநீர் உள்ளே இறங்காதபடி மேலே வைக்கும் மூடுகல்லின் பெயர் அது. தமிழில் நாங்கள் நிறைவு ஆய்வறிக்கை என்று சொல்லிக்கொண்டோம். வழமையான ஆய்வேடு அறிவுலகத்துக்காக எழுதப்படுவது. நிறைவு ஆய்வறிக்கை அப்படியல்ல. ஒரு குறிப்பிட்ட அலுவலகத்தில், ஒரு குறிப்பிட்ட முடிவை எடுக்க வேண்டிய ஒருவருக்காக அதை எழுத வேண்டும். "எல்லாம் சரி, திங்கட்கிழமை நான் என்ன செய்ய வேண்டும்?" என்று அவர் கேட்டால், அதற்கு விடை அறிக்கைக்குள் இருக்க வேண்டும்.

எங்களிடம் அறிக்கை கேட்டது ஒரு சுகாதார அலுவலகம். பிரச்சினை இதுதான். ஆதார வைத்தியசாலைகளில் உயர் குருதி அமுக்கத்துக்கும் நீரிழிவுக்கும் மாதாந்தக் கிளினிக் நடக்கிறது. வைத்தியரைப் பார்க்கவும் கட்டணமில்லை, மருந்துக்கும் கட்டணமில்லை. அப்படியிருந்தும் பலர் சில மாதங்கள் வந்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். இடையில் நின்ற பலர் பின்னர் பாரிசவாதத்தோடும் சிறுநீரகப் பாதிப்போடும் வார்ட்டுக்கு வருகிறார்கள். ஏன் நிற்கிறார்கள்? என்ன செய்யலாம்?

இந்தக் கேள்விக்கு விடை எங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று எண்ணினோம். குறிப்பாக, எங்களில் வைத்தியராய் இருந்தவருக்கு அதில் ஐயமே இருக்கவில்லை. முதல் வரைவின் தலைப்பு இப்படி இருந்தது: "கிளினிக்குக்கு ஒழுங்காகச் சமுகமளிக்காத நோயாளரிடையே விழிப்புணர்வை ஏற்படுத்துதல்." மேற்பார்வை செய்த பேராசிரியர் தலைப்பைத் தாண்டி ஒரு வரிகூட வாசிக்கவில்லை. பென்சிலால் "விழிப்புணர்வு" என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "தீர்வைக் கேள்விக்குள் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். அவர்களுக்கு விளங்கவில்லை என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

கலிபோர்னியாவின் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த யூஜின் பார்டாக் என்பவர் கொள்கைப் பகுப்பாய்வுக்கு எட்டுப் படிகளைச் சொல்லியிருக்கிறார். பிரச்சினையை வரையறுத்தல், சான்று திரட்டல், மாற்று வழிகளை அமைத்தல், அளவுகோல்களைத் தெரிவுசெய்தல், விளைவுகளை எதிர்வுகூறல், ஒன்றைப் பெற மற்றொன்றை இழப்பதை எடைபோடுதல், முடிவெடுத்தல், அதை மற்றவருக்கு விளங்கச் சொல்லுதல். இவற்றில் முதலாவது படியிலேயே பெரும்பாலோர் வழுக்கி விழுகிறார்கள். வைத்தியர்கள் வழுக்குவது இன்னும் சுலபம். நோயாளி கதிரையில் இருந்த மூன்றாவது நிமிடத்தில் மருந்துத் துண்டு எழுதிப் பழகிய கை இது.

அந்த வரைவைக் கிழித்துவிட்டு மீண்டும் தொடங்கினோம். புதிய கேள்வி சாதாரணமாக இருந்தது: "ஒருவர் மாதமொருமுறை இந்தக் கிளினிக்குக்கு வந்துபோக என்னென்ன தேவை?"

கேள்வி மாறியதும் தேடவேண்டிய இடமும் மாறிவிட்டது. முன்பு நோயாளரின் அறிவைத் தேடினோம். இப்போது பஸ் நேர அட்டவணையைத் தேடினோம். நம்பர் துண்டு எத்தனை மணிக்குக் கொடுக்கத் தொடங்குகிறார்கள், எத்தனை மணிக்கு முடிகிறது என்று வாசலில் நின்று பார்த்தோம். நாட்கூலிக்குப் போகும் ஒருவருக்குக் கிளினிக் நாள் என்றால் ஒரு நாள் கூலி இல்லை என்பதைக் கணக்காளர் எழுதினார். "வைத்தியசாலைக் கணக்கில் இது எந்தத் தலைப்பிலும் வராது. அதனால்தான் இலவசம் என்கிறோம்" என்றார் அவர்.

1945 இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியின் பிள்ளைகள் நாம். இலவச மருத்துவத்தின் பிள்ளைகளும் நாமே. இந்த இரண்டின் பெறுமதியையும் ஒரு கணமும் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் கட்டணமில்லாத வகுப்பறைக்கும் கட்டணமில்லாத மருந்துக்கும் பஸ்ஸில்தான் வரவேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் இந்த நூற்றாண்டு விழாவில் நினைவுகூர விரும்புகிறோம். இலங்கையின் முதலாவது சுகாதார அலகு 1926 இல் களுத்துறையில் தொடங்கப்பட்டது. அதற்கும் இப்போது நூறு வயது. நோயாளி தேடி வரும்வரை காத்திராமல் சுகாதார சேவை மக்களிடம் போகவேண்டும் என்பது அதன் அடிப்படை. இன்று நமது கிராமங்களில் குடும்பநல உத்தியோகத்தர் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ வீடு வீடாகப் போவது அந்த வழியில் வந்ததுதான். அவரிடம் குடும்பப் பதிவேடு இருக்கிறது. ஒரு கர்ப்பிணித் தாய் கிளினிக்குக்கு வராவிட்டால் அவருக்குத் தெரியும். ஏன் வரவில்லை என்று படலையில் நின்று கேட்பார். பிரசவத்தில் தாய்மார் இறப்பதை இந்த நாடு குறைத்ததில் அந்தப் பதிவேட்டுக்கும் பங்குண்டு. ஆனால் பிறஷர் கிளினிக்குக்கு வராத ஐம்பது வயதுப் பெண்ணைத் தேடி யாரும் போவதில்லை. இடாப்பில் அவருடைய வரி வெறுமையாக இருக்கும். மூன்று மாதம் வெறுமையாக இருந்தால் ஆங்கிலத்தில் "டிபோல்ட்டர்" என்று எழுதிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவோம்.

சான்று திரட்டும் கட்டம் வந்தது. மனிதரிடம் ஆய்வு செய்வதென்றால் முதலில் அறநெறிக் குழுவின் அனுமதி வேண்டும். 1964 இல் உலக வைத்தியச் சங்கம் ஹெல்சிங்கியில் வெளியிட்ட பிரகடனத்திலிருந்து வளர்ந்த ஒழுங்குகள் இவை. படிவங்கள், திருத்தங்கள், மீண்டும் படிவங்கள் என்று பல வாரங்கள் போயின. அப்போது சலித்துக்கொண்டோம். அந்தக் குழு விதித்த ஒரு நிபந்தனை இல்லாவிட்டால் எங்கள் ஆய்வில் உண்மையே கிடைத்திராது என்பது பிறகுதான் விளங்கியது.

நிபந்தனை இதுதான்: எங்களில் வைத்தியராய் இருந்தவர் நோயாளர் எவரையும் நேர்காணக் கூடாது. தமக்கு மருந்து எழுதுபவரிடம் யாரும் மனந்திறந்து குறை சொல்லமாட்டார்கள். ஆகவே ஆசிரியையும் சட்டத்தரணியும் போனார்கள். குடும்பநல உத்தியோகத்தர் ஊடாக முதலில் செய்தி அனுப்பி, சம்மதித்தவர்களின் வீடுகளுக்கு மட்டும் போனார்கள். சொன்னதை எழுதி, பெயரை நீக்கி, இலக்கம் மட்டும் இட்டு எங்களிடம் தந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை மாலை, வகுப்பு முடிந்த பிறகு, அந்தத் தாள்களைப் பங்கிட்டு வாசித்துக்கொண்டிருந்தோம். வன்னியில் ஒரு கிராமத்துப் பெண் சொன்னதை ஆசிரியை அப்படியே எழுதியிருந்தார்.

"காலமை ஆறரைக்கு ஒரு பஸ். அதை விட்டால் பத்தரைக்குத்தான். ஆறரை பஸ்ஸிலை போனாலும் சில நாள் நம்பர் முடிஞ்சிடும். அண்டைக்குக் கூலியும் இல்லை. அதாலை ஒரு மாதம் போவன், ஒரு மாதம் விடுவன். குளிசையைப் பாதி பாதியாப் போட்டு நீட்டுவன். கடைசியாப் போனநேரம் டொக்டர் கொப்பியைப் பாத்திட்டு, 'மருந்து சும்மாதானே தாறம், வந்து எடுக்கக்கூட ஏலாதோ?' எண்டு கேட்டவ. அவ என்ரை வகுப்பு. எட்டாம் ஆண்டிலை எனக்கு ரண்டு வாங்கு முன்னுக்கு இருந்தவ. அவவுக்கு என்னைத் தெரியேல்லை. நானும் சொல்லேல்லை. அதுக்குப் பிறகு நான் போகேல்லை."

அடுத்த வரியில் நமது கல்லூரியின் பெயர் இருந்தது. 95 இல் இடம்பெயர்ந்து போனபிறகு படிப்பு நின்றுவிட்டது என்றும் இருந்தது.

நாங்கள் என்று பேசுகிறோம். ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்ள வரவில்லை. அன்று கிளினிக் மேசையில் இருந்தது இப்போது உங்கள் முன் நிற்கும் இந்த வைத்தியர்தான். "மருந்து சும்மாதானே தாறம்" என்ற வசனம் தற்செயலாக ஒரு நாள் வாய்தவறி வந்ததும் அல்ல. கிளினிக் நாள்தோறும் சொல்லிவந்த வசனம் அது. அதனால்தான் வாசித்தவுடன் அடையாளம் தெரிந்தது. முகம் தெரியவில்லை, எங்கள் சொந்த வசனம் தெரிந்தது.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவை இங்கே இருக்கும் பலருக்கு நினைவிருக்கும். வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தெருவுக்கு வந்தது. மழையில் தென்மராட்சிக்குப் போனோம். பின்னர் சிலர் கிளாலியால் வன்னிக்குப் போனோம், சிலர் திரும்பி வந்தோம். திரும்பி வந்தவர்களுக்கு மீண்டும் வகுப்பறை கிடைத்தது. சாதாரண தரம் எழுதினோம், உயர்தரம் எழுதினோம், பல்கலைக்கழகம் போனோம். திரும்பி வராதவர்களின் பெயருக்கு எதிரே வகுப்பு இடாப்பில் ஒரு கோடு விழுந்தது. அடுத்த ஆண்டு இடாப்பில் பெயரே இல்லை. எங்கள் வகுப்பில் அப்படி எத்தனை பேர் என்று நாங்கள் இருவரும் அன்று இரவு எண்ணிப் பார்க்கத் தொடங்கினோம். பாதியில் நிறுத்திவிட்டோம்.

நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. எண்ணிக்கொண்டு போனால் அவர் யார் என்று கண்டுபிடித்துவிடுவோம். அவர் தமது பெயர் தெரியாது என்ற உறுதியின் பேரில் பேசியவர். தேடிப்போய்க் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. அது எங்கள் மனத்தின் பாரத்தை இறக்கும். அவருக்குக் கொடுத்த வாக்கை உடைக்கும். சட்டத்தரணி எங்களைவிடப் பதினைந்து வயது இளையவர். "அக்கா, இந்தத் தாளில் அவர் நோயாளியும் இல்லை, சிநேகிதியும் இல்லை. இலக்கம் மட்டும்தான். அப்படியே இருக்கட்டும்" என்றார். அவர் சொன்னதுதான் சரி.

ஆனாலும் ஒரு நோயாளி மருந்தில்லாமல் இருக்கிறார் என்று தெரிந்த பின் சும்மா இருக்க முடியாது. அதற்கும் ஆய்வுத் திட்டத்தில் வழி எழுதியிருந்தோம். ஆசிரியை மீண்டும் போய், அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலையில் மருந்தெடுக்க விருப்பமா என்று கேட்டார். விருப்பம் என்றார். கடிதம் கொடுக்கப்பட்டது, இப்போது மருந்து எடுக்கிறார் என்று மட்டும் எங்களுக்குச் சொல்லப்பட்டது. இன்று இங்கே பேசுவதற்கும் ஆசிரியை ஊடாக அனுமதி கேட்டோம். "சொல்லுங்கோ. பேரை மட்டும் சொல்லவேண்டாம். ஆரெண்டு தேடவும் வேண்டாம்" என்று பதில் வந்தது. நாங்கள் தேடவில்லை. நீங்களும் தேடவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்தது மாற்று வழிகள். நான்கை எழுதினோம். முதலாவது, இப்போதுள்ளபடியே விடுவது. எதையும் செய்யாதிருப்பதும் ஒரு கொள்கைதான். அதற்கும் விலை உண்டு என்பதால் அதையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். இரண்டாவது, தொலைபேசியில் நினைவூட்டுவதும் அறிவூட்டுவதும். மூன்றாவது, நோய் கட்டுப்பாட்டில் உள்ளவர்களுக்கு ஒரு மாத மருந்துக்குப் பதிலாக இரண்டு மாத மருந்து கொடுப்பது. நான்காவது, அவர்களை வீட்டுக்கு அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலைக்கோ ஆரம்ப மருத்துவப் பராமரிப்பு நிலையத்துக்கோ மாற்றி, தேவைப்படும்போது மட்டும் ஆதார வைத்தியசாலைக்கு அழைப்பது.

எங்களுக்குப் பிடித்தது மூன்றாவது. அறிக்கையை அங்கேயே முடித்துவிட ஆசைப்பட்டோம். ஆனால் மருந்தாளர் ஒருவர் எங்களை அரை மணி நேரம் நிறுத்திவைத்துப் பாடம் எடுத்தார். "ஆண்டு முழுவதற்கும் தேவைப்படும் மொத்த மருந்து மாறாது என்கிறீர்கள். சரி. ஆனால் தொடங்கும் மாதத்தில் இரண்டு மாத மருந்து ஒரேயடியாக வெளியே போகும். ஆண்டு மதிப்பீட்டில் அதைக் கேட்டிருக்கிறீர்களா? 2022 இல் தட்டுகள் வெறுமையாக இருந்ததைப் பார்த்தவன் நான். என்னிடம் இருப்பதை எல்லோருக்கும் கொஞ்சமாவது கொடுப்பேனா, முதலில் வந்தவருக்கு இரட்டிப்பாகக் கொடுப்பேனா?" என்று கேட்டார். தாதிய உத்தியோகத்தர் இன்சுலினைப் பற்றிக் கேட்டார். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இரண்டு மாத இன்சுலினை எங்கே வைப்பது? எங்களில் வைத்தியராய் இருந்தவருக்கும் ஒரு பயம் இருந்தது. இரண்டு மாதம் அமுக்கம் அளக்காவிட்டால் மெல்ல ஏறுவது தெரியாமல் போகுமே.

இப்படி ஒவ்வொரு வழியையும் ஒரே அளவுகோல்களால் அளந்தோம்: நோயாளிக்கு ஆகும் செலவு, வைத்தியசாலைக்கு ஆகும் செலவு, பாதுகாப்பு, மருந்து இருப்பு, ஆளணி, செய்யக்கூடிய அதிகாரம். கடைசியாகச் சொன்னது சட்டத்தரணியின் பங்கு. 1987 இன் 13 ஆம் திருத்தத்தின் பின் போதனா வைத்தியசாலைகள் மத்திய அமைச்சின் கீழும் பிரதேச வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழும் இருக்கின்றன. ஒருவரால் எடுக்கமுடியாத முடிவை அவருக்குச் சிபாரிசு செய்வதில் பயனில்லை. எந்த வரியை யாருக்கு எழுதுகிறோம் என்று ஒவ்வொரு சிபாரிசின் பக்கத்திலும் பதவியைக் குறித்தோம்.

"இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது" என்று சொல்லப்பட்டபோது எங்களிடம் ஒரு பதில் இருந்தது. 2020 இல் கொரோனா ஊரடங்கின்போது கிளினிக் மருந்துகள் தபால் மூலமும் சுகாதார ஊழியர் மூலமும் வீடுகளுக்குப் போயின. ஒத்துவராது என்று எண்ணியதை நாடு சில வாரங்களில் செய்துகாட்டியது. பிரச்சினை, தயாராக உள்ள தீர்வு, அரசியல் சூழல் என்ற மூன்று நீரோட்டங்கள் சேரும்போதுதான் கொள்கை மாற்றத்துக்கு ஒரு சாளரம் திறக்கும் என்று ஜோன் கிங்டன் 1984 இல் எழுதினார். சாளரம் திறக்கும்போது கையில் அறிக்கை தயாராக இருக்க வேண்டும். திறந்த பிறகு எழுதத் தொடங்கினால் மூடிவிடும்.

முடிவில், நோய் கட்டுப்பாட்டில் உள்ள, இன்சுலின் பாவிக்காத நோயாளரை நான்காவது வழிக்கும், அது எட்டாத கிராமங்களில் மூன்றாவது வழிக்கும் கொண்டுபோகலாம் என்று எழுதினோம். ஒரேயடியாக அல்ல, மருந்து மதிப்பீட்டைத் திருத்திய பின், ஒரு கிளினிக் நாளில் பரீட்சித்துப் பார்த்து.

எழுதுவதைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். முதல் வரைவு நூற்று நாற்பது பக்கம். பேராசிரியர் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "பாரம் தெரிகிறது, செய்தி தெரியவில்லை" என்றார். வாசித்ததையெல்லாம் காட்ட விரும்பியதால் வந்த பாரம் அது. முப்பத்தைந்து பக்கமாகக் குறைத்தோம். வெட்டிய ஒவ்வொரு பக்கத்துக்கும் எங்களுக்குள் சண்டை நடந்தது. முன்னால் ஒரேயொரு பக்கச் சுருக்கம் வைத்தோம். முடிவெடுப்பவர் வாகனத்தில் போகும்போது அந்த ஒரு பக்கத்தை மட்டுமே வாசிக்கக்கூடும் என்ற எண்ணத்தோடு எழுதினோம்.

பட்டத்துக்கு ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தது. ஆனால் நடைமுறைப்படுத்த வேண்டியவர்கள் தமிழில் வேலை செய்பவர்கள். ஆகவே தமிழிலும் எழுதினோம். பட்டத்துக்கு அதனால் ஒரு புள்ளியும் கூடாது. ஆனால் எங்கள் அறிக்கையைத் திருத்தியது அந்தத் தமிழ்தான். "டிபோல்ட்டர்" என்பதைத் தமிழில் "தவறியவர்" என்று எழுதினோம். வரைவை வாசித்த குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர், "என்ன தவறு செய்தவை?" என்று கேட்டார். எங்களுக்குப் பதில் வரவில்லை. இரண்டு மொழியிலும் அந்தச் சொல்லை நீக்கி, "வந்துபோக முடியாதிருப்போர்" என்று மாற்றினோம். சொல் மாறியதும் அதன் கீழ் இருந்த மூன்று பந்திகளையும் மாற்றவேண்டி வந்தது.

அறிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது. பரீட்சகர் ஒருவர் கடுமையான குறை சொன்னார்: இறந்துபோனவர்களையும் ஊரைவிட்டுப் போனவர்களையும் பற்றி உங்கள் அறிக்கை எதுவும் சொல்லவில்லையே என்றார். உண்மை. அதை எங்கள் ஆய்வின் எல்லைகளுள் முதலாவதாக எழுதிச் சேர்த்தோம். அலுவலகமும் எல்லாவற்றையும் ஏற்கவில்லை. ஒரு கிளினிக் நாளில் பரீட்சார்த்தமாகத் தொடங்கியிருக்கிறார்கள். நம்பர் துண்டில் தூரத்திலிருந்து வருபவர்களுக்கு ஒரு பகுதி ஒதுக்கப்படுகிறது. மற்றச் சிபாரிசுகள் கோப்பில் இருக்கின்றன. சாளரம் எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் கிளினிக் மேசையில் ஒரு மாற்றம் உடனே வந்தது. அதற்குச் சுற்றறிக்கை தேவைப்படவில்லை. கொப்பியைத் திறக்குமுன் முகத்தைப் பார்க்கிறோம். "ஏன் வரவில்லை?" என்று கேட்பதில்லை. "எப்படி வந்தீங்கள்? எத்தனை மணி பஸ்?" என்று கேட்கிறோம். ஒவ்வொரு முகத்திலும் அந்தத் தோழியைத் தேடக்கூடாது என்றுதான் மனத்துக்குச் சொல்கிறோம். மனம் எப்போதும் கேட்பதில்லை.

பிள்ளைகளே, நாளைக்கு நீங்களும் ஆய்வு செய்வீர்கள். சிறிய கேள்வியோடு தொடங்குங்கள். விடை ஏற்கெனவே தெரியும் என்று தோன்றினால் கேள்வியை ஒருமுறை மாற்றி எழுதிப் பாருங்கள். உங்கள் தாளில் வட்டம் போடும் ஆசிரியரைத் தெரிவுசெய்யுங்கள். பெயரைச் சொல்லமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தால் அது உங்களையே சுட்டாலும் காப்பாற்றுங்கள். தரவைப் பார்க்கும்போது அதில் யார் இல்லை என்றும் பாருங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறோம். நூற்றாண்டையொட்டிப் பழைய மாணவிகளின் விபரத் திரட்டு ஒன்று தயாராகிறது என்று அறிகிறோம். படிவத்தில் "கல்லூரியிலிருந்து வெளியேறிய ஆண்டு", "உயர்தரப் பிரிவு" என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. உயர்தரம் வரை வராதவர்கள் அந்த இரண்டாவது கட்டத்தைப் பார்த்ததும் படிவத்தை மடித்து வைத்துவிடுவார்கள். அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். "எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை இங்கே படித்தீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். ஒரு தவணை படித்தவரும் எழுதட்டும். பழைய இடாப்புகளில் தப்பியவை கல்லூரிக் களஞ்சிய அறையில் இருந்தால், அவற்றிலுள்ள பெயர்களைப் படியெடுக்க எங்கள் வகுப்பில் நாலைந்து பேர் விடுமுறை எடுத்து வரத் தயாராயிருக்கிறோம். அந்தப் பெயர்களை வைத்து யாரையும் தேடிப் போகமாட்டோம். தாமாக வர விரும்புபவர்களுக்குப் பெயர் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

எட்டாம் ஆண்டில் எங்களுக்கு இரண்டு வாங்கு பின்னால் இருந்த அந்தத் தோழி இந்த மலரை வாசிப்பாரோ தெரியாது. வாசித்தால், இந்தச் சங்கத்தில் அவருக்கு உள்ள உரிமை எங்களுக்கு உள்ளதில் ஒரு அணுவும் குறைந்ததல்ல என்பதை அறிந்துகொள்ளட்டும்.